நம்மிட்ட உள்ளது மட்டும்

எனக்கு வரும் கோபங்களை என் கணவர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். காலையில் வருவது பசிக் கோபம், பின்னேரம் வருவது பஸ் கோபம், இரண்டுக்கும் நடுவில் வருவது டொக்டர்மார் கோபம். கணித வாத்தியார் அல்லவா, எதையும் பிரிக்காமல் அவருக்குச் சரிவராது. முதல் இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது உண்மைதான்.

மட்டக்களப்பில் ஒரு மருத்துவ நூலகத்துக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் திறப்பது, பூட்டுவது, மின்விசிறியைத் திருத்த ஆள் பிடிப்பது, நடுவில் நேரமிருந்தால் நூலகராக இருப்பது. தன்னாமுனையிலிருந்து காலையில் பஸ் ஏறி வருவேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் டொக்டர்மார், இல்லாவிட்டால் டொக்டராகப் போகிறவர்கள். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான பிள்ளைகள். கட்டுரை தேட உட்காரும்போது மட்டும் ஏதோ பிடித்துவிடும்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடுவதற்கென்று ஒரு பெரிய தரவுத்தளம் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் எந்த டொக்டர் எதை எழுதினாலும் அதன் தலைப்பும் ஒரு சின்னச் சுருக்கமும் அதில் வந்து சேரும். ஆனால் முழுக் கட்டுரையை வாசிக்க வேண்டுமென்றால், அது வெளிவந்த சஞ்சிகைக்கு நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். நாங்கள் கட்டியிருப்பது கொஞ்சத்துக்குத்தான். தரவுத்தளம் கடல் என்றால் எங்கள் அலுமாரி ஒரு வாளி.

இது டொக்டர்மாருக்கு விளங்காது. ஒரு சொல்லைத் தட்டுவார்கள், ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும், அதில் பிடித்ததை எல்லாம் கலியாண வீட்டுச் சாமான் வாங்குகிற துண்டுக் கடதாசி மாதிரி எழுதிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள்.

"மிஸ், இவ்வளவும் வேணும். நாளைக்குக் காலையில பிரசன்டேசன்."

"இதில ஒண்டும் நம்மிட்ட இல்ல டொக்டர்."

"ஒண்டுமா?"

"ஒண்டும்."

அதற்குப் பிறகு ஒரு பார்வை பார்ப்பார்களே! கட்டுரைகளையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆக்கித் தின்றுவிட்டது போல இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை தரம் "இல்லை" என்று சொல்வது? எங்கள் வீட்டில் அரிசி முடிந்தால்கூட "இல்லை" என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம். அப்படி வளர்ந்தவளை உத்தியோகம் என்று உட்காரவைத்து, இல்லை, இல்லை, இல்லை என்று கூவ வைத்தால் வீட்டுக்கு வந்து யாரிடம் எரிந்து விழுவேன்? வாத்தியாரிடம்தான்.

அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். தேடல் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. எந்தெந்தச் சஞ்சிகை எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எங்களிடம் இருக்கிறது என்று தரவுத்தளத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், பிறகு அந்தப் பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டதும் எங்களிடம் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். மற்றதெல்லாம் மறைந்துவிடும். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒவ்வொரு சஞ்சிகையாக எடுத்து, தூசி தட்டி, தும்மித் தும்மி, இடையில் எந்த இதழ் குறைகிறது என்பது வரை பார்த்து ஏற்றினேன். அந்த நாட்களில் வீட்டில் ஆக்கியது எல்லாம் பருப்பும் சம்பலும்தான். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் இதைப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டார். அவர் பெரிய டொக்டர், பெரிய குரல், அதைவிடப் பெரிய பிடிவாதம். தன் நோயாளர் வாட்டில் யாரும் முழுக்க வாசிக்காத கட்டுரையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "சுருக்கத்த மட்டும் வாசிச்சிட்டு வெட்டுறதும் கனவு கண்டு போட்டு வெட்டுறதும் ஒண்டுதான்," என்பார். அவர்தான் சொன்னார், அந்த அடையாளம் எல்லாக் கணினியிலும் எப்போதும் போட்டபடியே இருக்கட்டும் என்று. நானும் அப்படியே செய்துவிட்டு, ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் கறுப்பு மையால் எழுதி ஒட்டினேன்: நம்மிட்ட உள்ளது மட்டும்.

அதற்குப் பிறகு நூலகத்தில் வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! பிள்ளைகள் வருவார்கள், தட்டுவார்கள், நாலு கட்டுரை வரும், நாலையும் நான் எடுத்துக் கொடுப்பேன். "தேங்க்ஸ் மிஸ்." "வெல்கம் டொக்டர்." முகம் கோணுவது இல்லை, பார்வை இல்லை. கொஞ்ச நாளில் எல்லாருமே ஒரே நாலு கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டுரையை வேறு வேறு பிள்ளைகள் வேறு வேறு கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு முறையும் கைதட்டு வாங்கினார்கள். அது எனக்கென்ன? நான் கேட்டதைக் கொடுக்கிறவள்.

இனி வாத்தியாரின் விரலுக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருக்கு வீச்சு வலையும் வாவியும் வேண்டும். மீன் பிடிக்கிறேன் என்றுதான் போவார். பெரும்பாலும் நனைந்துகொண்டு வருவார். ஒருநாள் நிசமாகவே நல்ல இறால் கொண்டுவந்தார். வலையிலிருந்து கழற்றும்போது ஒன்று தன் தலைக்கொம்பால் அவருடைய வலது கைச் சுட்டுவிரலில் குத்திவிட்டதாம். ஒரு சொட்டு இரத்தம். அந்த இறாலைப் பழிவாங்குவதற்கென்றே அதைத் தனியாகப் பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டார்.

குத்திய இடம் ஆறியது. கொஞ்சக் காலம் கழித்து அதே இடம் தடித்தது. நோகவில்லை, அதனால் அவர் கவனிக்கவில்லை. நான் மஞ்சள் வைத்தேன், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையெல்லாம் அரைத்துப் பூசினேன். விரல் எதற்கும் மசியவில்லை. மெல்ல மெல்ல வீங்கி மூட்டு மடியாமல் நின்றது. அவர் அந்த விரலை நீட்டியபடியே சோறு குழைத்துச் சாப்பிடுவதைப் பார்க்க, யாரையோ குற்றம் சாட்டுவது போல இருக்கும். அநேகமாக என்னைத்தான்.

"ஆசுபத்திரிக்கு வாங்க."

"ஒரு விரலுக்கு ஆரும் ஆசுபத்திரிக்குப் போவாங்களா புள்ள? கைக்கு எண்டாலும் பரவால்ல."

பிறகு முன்னங்கையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டிகள் எழும்பின. அதைக் கண்டதும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய், பெரிய டொக்டரின் கிளினிக்கில் உட்காரவைத்தேன்.

மருந்து கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தார்கள். விரலைக் கீறி எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, கிருமி வளருகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை என்று வந்தது. இன்னொரு தரம் அனுப்பினார்கள். அதுவும் அப்படியே. வீக்கம் மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வியாழக்கிழமை விரலைத் திறக்கப் போவதாகச் சொன்னார். உள்ளே சதையும் நாரும் கெட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம். விட்டால் கைக்கே ஆபத்து. அந்தப் பெரிய குரலை அன்று தணித்துத்தான் பேசினார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து அழுதேன். வாத்தியார் விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒம்பது விரல வச்சிக்கிட்டு பிள்ளையளுக்கு எப்படிப் பத்துப் பத்தாக் கூட்டக் காட்டுறது?" என்றார். "அதுதான் ஒரு யோசின."

"உங்களுக்கு எல்லாம் பகிடி!"

"பின்ன என்ன செய்யிற? நீ அழுறாய். ரெண்டு பேரும் அழுதா ஆரு தேத்தண்ணி போடுற?"

போட்டது அவர்தான். இடது கையால் போட்டதால் சீனி கண்டபடி விழுந்திருந்தது. நான் அடிவரைக்கும் குடித்தேன்.

ஒரு மருத்துவ நூலகருக்கு இப்படி வந்தால் என்ன செய்வாள்? தேடுவாள். நான் என் கணினியில் உட்கார்ந்து விரல் வீக்கம் என்று தட்டினேன், மூட்டு வீக்கம் என்று தட்டினேன், கட்டி, புண், எல்லாம் தட்டினேன். வந்ததையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் போட்டேன். ஒன்று வாதம் என்றது. ஒன்று நீரிழிவு என்றது. இன்னொன்று குளிர் நாட்டில் பனியில் விரல் கறுத்துப் போவது பற்றி. அவர் இடது கையால் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டார். பனிக் கட்டுரைக்குச் சைபர். அடியில், "வினாவை விளங்கிக்கொள்ளவில்லை" என்று எழுதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் தோன்றியது.

அவரைக் கவனித்த வாட்டில் ஒரு இளம் டொக்டர் இருந்தார். காத்தான்குடிப் பெண்பிள்ளை. நூலகத்தில் நல்ல மின்விசிறிக்குக் கீழே உள்ள கதிரை அவருக்கு எழுதி வைத்தது மாதிரி. வேறு யாரும் இருந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பெருமூச்சு விடுவார். அவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அவருக்கும் அந்த விரல் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது போலும். இரண்டு நாள் என் கணினிகளில் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"மிஸ், ஒங்கட லைப்ரரிக்கு ஆரும் என்னவும் செஞ்சி வச்சிட்டாங்களா?"

"என்னத்த?"

"ராவு வீட்ட போன்ல சும்மா தேடினன். வாவி, இறால், வெரல் எண்டு போட்டன். கொட்டுது மிஸ்! இஞ்ச ரெண்டு நாளாத் தேடினன், ஒண்டுமே இல்ல. இதென்ன கூத்து?"

எனக்குச் சுருக்கென்றது. என் கணினியையா சொல்கிறாய்? "போன்ல வாறதெல்லாம் கட்டுரையா டொக்டர்? கண்டவன் நிண்டவன் எழுதுறது," என்றேன்.

"இல்ல மிஸ், அதே தரவுத்தளம்தான்."

"அப்ப நீங்க பிழையாத் தட்டியிருப்பீங்க."

"சரி, வாங்களேன் பாப்பம்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் கையில் போன், என் முன்னால் கணினி. ஒரே சொற்கள், ஒரே வரிசை. அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன். அவருடைய போனில் கட்டுரைகள் வரிசையாக இறங்கின. என் திரையில் பூச்சியம். இன்னொரு தரம் தட்டினேன். பூச்சியம். இணைய வயரை இழுத்துச் செருகினேன். கணினியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். பூச்சியம் அசையவில்லை. ஆக, மட்டக்களப்பு முழுக்கத் தேடினால், அந்தக் கட்டுரைகள் காணக் கிடைக்காத ஒரே இடம் மருத்துவ நூலகம்தான்.

அந்தப் பிள்ளை தலையை உயர்த்தி, கணினியின் நெற்றியில் நான் ஒட்டியிருந்ததை மெல்ல வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் இருந்த எழுத்து. சுவரில் தொங்கும் பழைய கலண்டரை யார் வாசிக்கிறார்கள்?

"அல்லாஹ்வே," என்றார். "மிஸ், அந்த டிக்க எடுங்க."

"அது பெரிய டொக்டர் போடச் சொன்னது," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கை அதற்குள் எடுத்துவிட்டது.

வந்தன. மீன் பிடிக்கிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், நண்டு கழற்றுகிறவர்கள் எல்லாருடைய கையும் விரலும் வந்தன. தண்ணீரில் வாழும் ஒரு கிருமி. கீறலுக்குள்ளால் போய், மெதுவாக வளரும். விரல் வீங்கும், கைவழியே கட்டிகள் வரிசையாக ஏறும். வழமையான சோதனையில் அகப்படாது. ஏனென்றால் ஆய்வுகூடத்தில் உடம்புச் சூட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்கள். இதற்கு அந்தச் சூடு கூட. கொஞ்சம் குறைத்து, கனநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சரியான குளிசைகளை மாதக் கணக்கில் போட்டால் மாறும். வாசிக்க வாசிக்க, எங்கள் வீட்டு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது.

"படிக்கிற காலத்தில ஒரு வரி படிச்சிரிக்கன் மிஸ்," என்றார் டொக்டர். "மீன் தொட்டி வச்சிரிக்கிறாக்களுக்கு வாற வருத்தம் எண்டு. நம்மட வாவிய நான் மீன் தொட்டியா நினைக்கல்லயே."

அவர் பெரிய டொக்டரிடம் ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. வந்தது எல்லாம் சுருக்கம். முழுக் கட்டுரை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. முழுசாகக் கொண்டுவா, வாசிக்கிறேன், அதுவரை வியாழக்கிழமை வியாழக்கிழமைதான் என்றுவிட்டாராம்.

முழுக் கட்டுரை வேண்டுமென்றால் கொழும்பில் ஒரு பெரிய நூலகத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் தருவார்கள், நூலகங்களுக்குள் அது வழக்கம்தான். நான்தான் கேட்பதில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அங்கே பொறுப்பாக இருப்பவள் என்னோடு ஒன்றாகப் படித்தவள். ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், "மட்டக்களப்புக்கு என்ன தேவை எண்டாலும் கேளுங்க, நாங்க தாறம்," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் சுனாமிக்குப் பிறகு பாயும் வாளியும் வாங்க வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தத் "தாறம்" எப்படிக் கேட்கும் என்று தெரியும். எனக்குக் கொதி வந்துவிட்டது. "எங்களிட்ட எல்லாம் இருக்கு, நன்றி," என்று சொல்லிவிட்டு வந்தவள் அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசி கேட்டதில்லை. என்னைப் போலத்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர். பட்டினி கிடந்தாலும் வாசலில் வந்தவரிடம் "சாப்பிட்டாச்சு" என்போம்.

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். டொக்டர் பிள்ளை பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். கதிரைக்கு விடுகிற அதே பெருமூச்சு.

"எடுக்கிறன், எடுக்கிறன்! தலையில ஏறி நிக்காதீங்க!" என்றேன்.

எடுத்தாள். கட்டுரையின் பெயரைச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. "அனுப்புறன்," என்றாள். நான் போனை வைக்கப் போகும்போது, "நீ கேக்க மாட்டாய் எண்டு நினைச்சன்," என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. "ஆருக்கு?" என்று கேட்டாள். "என்ட அவருக்கு," என்றேன்.

நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கட்டுரை வந்தது. கேட்டது ஒன்று, அவள் அனுப்பியது நாலு.

டொக்டர் பிள்ளை எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போனார். அவர் சொல்லித்தான் மிச்சம் தெரியும். பெரிய டொக்டர் வாட்டின் நடுவில் நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தாராம். பிறகு ஒரு நோயாளியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மிச்சத்தை வாசித்தாராம். அந்த நோயாளி மரியாதைக்குக் காலை மடக்கிக்கொண்டு கிடந்தாராம். வாசித்து முடித்து, "வியாழக்கிழம வெட்டுறல்ல. திருப்பி எடுத்து அனுப்புவம்," என்றாராம்.

இப்போது குறைந்த சூட்டுக்கு எங்கே போவது? ஆய்வுகூடத்தில் இருந்த அடைகாக்கும் பெட்டியில் மற்ற ஆட்களுடைய சோதனைகள் எல்லாம் உடம்புச் சூட்டில் இருந்தன. ஒருவருக்காக அதைக் குறைக்க முடியாது. கட்டுரையில் இத்தனை பாகை என்று போட்டிருந்தது. ஆய்வுகூடத்துப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். விரலில் எடுத்தது இருந்த மூடிய போத்தலைக் குளிரூட்டி இல்லாத பின் அறையில் அலுமாரிக்குள் பூட்டி, ஒரு வெப்பமானியையும் கூட வைத்தார்கள். சரியாக அந்தச் சூடு. வெள்ளைக்காரர்கள் கரண்டு செலவழித்து உண்டாக்குகிற சூட்டை எங்களுக்கு ஆண்டவன் சும்மா தந்திருக்கிறான். வேர்த்து வழிந்து வருடம் முழுக்க நான் திட்டுகிற அதே வெக்கை.

வாத்தியாருக்கு அதில் பெரிய பெருமை. "கிருமியும் மட்டக்களப்பு ஆள்தான். ஏசி ஒத்துக்கொள்ளுதில்ல," என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். குளிசை தொடங்கினார்கள். அதில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சள் ஆக்கிவிடும் என்று டொக்டர் பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாத்தியாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். குளியலறையிலிருந்து அவர் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். நீ வேண்டுமென்றுதான் சொல்லவில்லை என்று இன்று வரை சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

ஒருநாள் டொக்டர் பிள்ளை நூலகத்துக்குள் ஓடி வந்து, "வளந்திட்டு மிஸ்! வளந்திட்டு!" என்றார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிருமி வளர்ந்ததற்கு இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழுததை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

விரல் மெல்ல மெல்ல இறங்கியது. கட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரிய டொக்டர் ஒருநாள் தானாகவே நூலகத்துக்கு வந்தார். கணினியின் முன்னால் குனிந்து நின்று, "இந்த டிக்க ஆர் எப்பவும் போட்டு வைக்கச் சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்கதான் சேர்."

"நானா?"

"ஓம் சேர். இதே இடத்தில நிண்டு சொன்னீங்க."

"அப்படி இருக்காதே," என்றுவிட்டுப் போனார். போகும்போது தன் கையாலேயே அந்தக் கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனார். இப்போது கணினியைத் திறந்தால் எல்லாம் வரும். நம்மிடம் உள்ளதை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் தாங்களே அடையாளத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். சாமான் துண்டுகள் திரும்பி வந்துவிட்டன, டொக்டர்மார் கோபமும் வந்துவிட்டது. கொழும்புக்காரிக்கு நான் வாரத்துக்கு எத்தனை தரம் எடுக்கிறேன் என்றால், இப்போது அவள்தான் பெருமூச்சு விடுகிறாள்.

குளிசை முடிகிற காலத்தில் ஒரு கிளினிக் நாள். நானும் அவரும் நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு மீனவர் வந்து உட்கார்ந்தார். வாகரையிலிருந்து விடியப் புறப்பட்டு வந்ததாகச் சொன்னார். வயிற்றில் ஏதோ இறக்கம், அதற்குக் காட்ட வந்திருக்கிறார். என்ன வருத்தம் என்று வாத்தியாரைக் கேட்டார். இவருக்கு ஆள் கிடைத்தால் போதாதா? வலை வீசியதில் தொடங்கி, இறால் குத்தியது, பழிக்குப் பழியாய்ப் பொரித்துத் தின்றது, செம்மஞ்சள் வரை சொல்லிச் சிரித்தார். மீனவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து வாங்கில் வைத்தார். சுட்டுவிரல் அடியோடு இல்லை.

"எனக்கும் இதுதான்," என்றார். "போன வருசம். இறால்தான் குத்தின. இப்படியேதான் வீங்கி, கையில கட்டி கட்டியா ஏறின. சோதிச்சுப் பாத்த, ஒண்டும் வளரல்ல எண்டாங்க. பிறகு எடுத்திட்டாங்க."

எந்த ஆசுபத்திரியில் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. வாத்தியாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கையை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்ச?" என்று மீனவர் கேட்டார்.

"இவ லைப்ரரில வேல. தேடி எடுத்தாங்க," என்றார் இவர்.

மீனவர் என்னைப் பார்த்தார். "அது இப்ப புதுசா எழுதினதா தங்கச்சி?"

புதுசு என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டுரையின் வருடம் எனக்குத் தெரியும். அவருடைய விரலுக்கு எத்தனையோ காலத்துக்கு முந்தியது அது.

"இல்ல அண்ணன்," என்றேன். "பழசு."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லாக இருந்திருக்கும். அவருக்கு வீட்டில் ஒரு நூலகக்காரி இல்லை. அவ்வளவுதான் அவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

மீனவர் பிறகு வாத்தியாரின் சட்டைப் பையைக் காட்டினார்.

"எங்க, எடுங்க வாத்தியார், பாப்பம். மடியுதா?"

இவர் கையை எடுக்கத் தயங்கினார். மீனவர் விடவில்லை. தானே இவருடைய மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்து, மிச்சமிருந்த நாலு விரலாலும் அந்த விரலைப் பிடித்துப் பதமாக மடக்கினார். விரித்தார். மறுபடியும் மடக்கினார். அவருடைய முகம் முழுக்கச் சந்தோசம்.

"மடியுது," என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, எனக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னார். "இஞ்ச பாருங்க தங்கச்சி, நல்லா மடியுது."